புகைபோக்கி சூட்டில் கரண்ட் எடுக்கலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டேனரி பாய்லர் ரூமுக்குள் போனவர்களுக்குத் தெரியும், ரெண்டு நிமிஷம் நிற்க முடியாது. அவ்வளவு அனல். விறகுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போகிறது. ‘இந்தத் தகட்டை ஒட்டுங்க, கரண்ட் பில்லே வராது’ என்று மொபைலில் வரும் வீடியோக்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

அந்தத் தகடு பொய் இல்லை. அதன் பெயர் தெர்மோஎலெக்ட்ரிக் மாட்யூல், அதாவது வெப்பமின் தகடு. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி இருந்தால் நடுவில் மின்சாரம் ஓடும். இந்த விளைவை 1821-ல் கண்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி சீபெக். இப்போதைய தகடுகளில் இருப்பது பிஸ்மத் டெல்லூரைடு. சுழலும் பாகம் கிடையாது, சத்தம் கிடையாது, எண்ணெய் போட வேண்டியதில்லை. 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இந்த முறையில்தான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே வெப்பம் தருவது புளூட்டோனியம்.

அப்புறம் ஏன் நம்ம ஊர் டேனரிகளில் இது இல்லை? கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

மணிக்கு ஒரு டன் நீராவி தரும் விறகு பாய்லரை எடுத்துக்கொள்வோம். 250 டிகிரியில் வெளியேறும் புகையை 150 டிகிரிக்கு இறக்கினால் தோராயமாக 60 கிலோவாட் வெப்பம் கையில் கிடைக்கும். இந்த அளவு சூட்டில் தகடு மின்சாரமாக மாற்றுவது நூற்றுக்கு நாலு பங்குதான். ஆக, 2 கிலோவாட் சொச்சம், கிட்டத்தட்ட 3 ஹெச்பி. தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய டிரம் ஒன்றின் மோட்டாருக்கே பத்து ஹெச்பிக்கு மேல் வேண்டும்.

அதே 60 கிலோவாட்டை எகனாமைசர் வழியாக பாய்லருக்குப் போகும் தண்ணீருக்கே கொடுத்தால்? 30 டிகிரி தண்ணீர் 80 டிகிரி ஆகிவிடும். உள்ளே போகும் தண்ணீர் 6 டிகிரி கூடினால் எரிபொருள் ஒரு சதவீதம் குறையும் என்பது பாய்லர்காரர்களின் வாய்ப்பாடு. மணிக்கு 15 முதல் 20 கிலோ விறகு மிச்சம்! தகடு தரும் ரெண்டு யூனிட்டின் விலையையும் இந்த விறகின் விலையையும் நீங்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. தகடுகளை வாங்கினால் மட்டும் போதாது, மறுபக்கத்தைக் குளிர்விக்கத் தண்ணீரும் பம்பும் வேண்டும். புகைக்கரி படிந்தால் சுரண்டவும் வேண்டும்.

இந்த மிச்சம் இந்தப் பகுதிக்குச் சின்ன விஷயம் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு கழிவுநீர் சுத்திகரிப்பு கட்டாயமாக இறுகியது. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். அதற்கும் நீராவிதான். எரிபொருள் செலவு கூடக்கூட, தோல் பதனிடும் செலவும் கூடும்.

அப்போ தகட்டுக்கு வியாபாரமே இல்லையா? இருக்கு, ஆனால் வேறு இடத்தில். கம்பி இழுக்க முடியாத காட்டுக்குள் போகும் எரிவாயுக் குழாய்களில் கண்காணிப்புக் கருவிகள் பல வருஷமாக இப்படி ஓடுகின்றன. டேனரியிலும் நீராவிக் குழாய் மேல் சின்னத் தகடு ஒட்டி, பேட்டரி மாற்றாமல் வெப்பநிலையை அனுப்பும் சென்சார் வைக்கலாம். என் கணிப்பில் நம்ம ஊருக்கு முதலில் வரப்போவது இதுதான். எங்கே நீராவி ஒழுகுகிறது என்று தெரிந்தாலே காசு மிச்சம்.

வீட்டு அடுப்பில் ஒட்டி மொபைல் சார்ஜ் போடலாமா? நல்ல தகடு ஒன்று 5 வாட் தரலாம், அதுவும் மறுபக்கம் குளிர்ச்சியாக இருந்தால் மட்டுமே. ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் குளிரூட்டும் பெல்டியர் தகடுகள். 140 டிகிரியை நெருங்கினாலே பலவற்றின் உள்ளே சால்டர் உருகிவிடும். (பிரியாணி தேக்சா அடுப்பில் பரிசோதனை வேண்டாம், பிரியாணியும் போகும்.) வீட்டுக்கு என்றால் கூரை சோலார்தான் சரி. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் உண்டு.

சிறு, குறு தொழில் நடத்துபவர்கள் ‘பீஸ்’ திட்டத்தில் எரிசக்தித் தணிக்கைக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்க. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் வேலூருக்கு அலைய வேண்டாம், 2019 முதல் உங்களுக்குத் திருப்பத்தூர் மாவட்டம். ‘இலவச கரண்ட்’ கருவிக்கு ஆன்லைனில் முன்பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930-க்கு அழைக்கவும். பொருள் வந்தும் சொன்னபடி வேலை செய்யவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.