சோற்றோடு சேரும் சில்க்கன் டோஃபு

தாளடி எனும் இரண்டாம் போக நெல்லின் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது தஞ்சை டெல்டாவின் வழக்கம். வயலில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அவை விளைந்துவிடும். நெல்லும் பயறும் தட்டிலும் நல்ல கூட்டாளிகள். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பயறுகளில் அது தாராளம். பயறில் குறைகிற மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். இட்லியின் சத்துக்கு இந்தச் சேர்க்கையே காரணம்.

சோயாவும் பயறுக் குடும்பம்தான். உளுந்தில் புரதம் 25 சதவீதம் அளவுக்கு என்றால், சோயாவில் 36 சதவீதத்துக்கு மேல். ஆனால் அது லேசில் வேகாது. பச்சை வாடையும் உண்டு. பாலாக்கி உறையவைத்துச் சாப்பிடுவது சீனர்கள் கண்ட வழி.

ஊறிய சோயாவை அரைத்து, வடிகட்டி, பாலை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் இதில் அவசரம் கூடாது. கெட்டியான பால் ஆறியதும், லிட்டருக்கு 3 கிராம் அளவில் ஜிடிஎல் எனும் உறைபொருளைக் கரைத்து, கிண்ணங்களில் ஊற்றி ஆவியில் வைப்பார்கள். சூட்டில் அது மெல்ல அமிலமாக மாற, புரத இழைகள் பின்னி, நீரைத் தமக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். இதுதான் சில்க்கன் டோஃபு. சாதாரண டோஃபுவைப்போல இதைத் துணியில் கட்டிப் பிழிவதில்லை. ஏடு கலையாத கட்டித்தயிர்போல வழுவழுப்பாக இருக்கும்.

ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால் 100 கிராமில் 5 முதல் 7 கிராம் புரதமே கிடைக்கும். பனீரில் சுமார் 18. ஆனால் பனீரில் 20 கிராமுக்குக் குறையாத கொழுப்பு, இதில் சுமார் 3 கிராம்தான். கொலஸ்ட்ராலும் லாக்டோஸும் அறவே இல்லை. பி12 கிடையாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் இதற்கும் இடையே சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.

வறுத்தால் உடையும், கிளறினால் கரையும். ரசத்தையோ மோர்க்குழம்பையோ இறக்கியபின், கரண்டியால் வழித்து மெதுவாக நழுவவிட்டால் போதும். மிக்ஸியில் அடித்துச் சேர்த்தால் குருமாவுக்குத் தேங்காய்ப்பாலின் கெட்டித்தன்மை வந்துவிடும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர்களின் பேரப்பிள்ளைகள், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இதைச் சர்க்கரைப் பாகு ஊற்றிச் சூடாகச் சாப்பிடுகிறார்கள். நம்மூரில் வெல்லப்பாகும் சுக்கும் அந்த வேலையைச் செய்யும்.

பல் போன பெரியவர்களுக்குச் சுண்டல் கடிக்க வராது. குழைந்த சோற்றில் ரசம் ஊற்றி, சில்க்கன் டோஃபு 100 கிராம் பிசைந்து கொடுத்தால், ஒரு முட்டையின் அளவு புரதம் சிரமமில்லாமல் உள்ளே போகும்.