செய்நிரலும் கூறியது கூறலும்

கணினிக்குச் செய்நிரல் எழுதப் பழகும் மாணவன் முதலிற் பெறும் மகிழ்ச்சி, தான் எழுதியது இயங்கிவிட்டது என்பதே. ஆயின், இயங்குதல் வேறு. செவ்விதின் அமைதல் வேறு. அவ்வேறுபாடு மாற்றம் நேரும் நாளிலேயே புலப்படும்.

நம் ஊவாப் பகுதியினர் யாவரும் அறிந்த கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். நமுனுகுலைச் சாரலில் உள்ள தோட்டமொன்றிற்கு மாணவனொருவன் சம்பளக் கணக்குச் செய்நிரல் எழுதுகின்றான் என்க. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தார்க்கு முழுப்பெயர், குறைந்தார்க்கு அரைப்பெயர். 2021 இல் சம்பள நிர்ணய சபையின் வாயிலாகக் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1000 ரூபாயாயிற்று. 2024 இல் அது 1350 ரூபாயாக உயர்ந்தது. மாணவன் 1000 என்னும் எண்ணைத் தேடித் தேடித் திருத்துகின்றான். அரைப்பெயருக்கு அவன் 500 என்றே எழுதியிருந்தமையால் அது தேடலில் அகப்படவில்லை. கணினி பிழையென்று சொல்லாது. மழையில் நனைந்து கொழுந்தெடுத்த ஒரு தாய்க்கு 675 ரூபாய்க்குப் பதிலாக 500 ரூபாயே கணக்கில் ஏறும்.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூற்குற்றம் பத்தென வகுத்து, கூறியது கூறலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். புணர்ச்சி விதிகளைப் புணரியல்களில் வகுத்தபின், பெயரியலிலும் வினையியலிலும் அவற்றை மீண்டும் விரித்தாரல்லர். செய்நிரலிலும் நாட்சம்பளம் ஓரிடத்தில் மட்டும் நிற்றல் வேண்டும். அரைப்பெயர்க் கூலி அதிலிருந்து கணித்துப் பெறப்படல் வேண்டும். ஆயினும், நாட்சம்பளமும் ஒரு பிடிப்பனவும் தற்செயலாக 1000 ஆக ஒத்திருப்பின், அவ்விரண்டையும் ஒன்றாக்குதல் தவறு. ஒன்றாக்க வேண்டுவது விதியையே, எண்ணை அன்று.

1972 இல் டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் மற்றொரு நெறியை விளக்கினார். மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒரு பகுதிக்குள் மறைத்துவைக்க வேண்டும் என்பது அது. சம்பளச் சீட்டு அச்சிடும் பகுதி கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்கும். அது கணிக்கப்பட்ட முறையை அறியாது. கொழுந்து நிறுக்கும் தராசு மாறினும், நிறையை வாங்கும் பகுதியொன்றே மாறும்.

இனி, மறுதலையான குற்றமும் உண்டு. 1994 இல் நால்வர் எழுதி வெளியிட்ட நூலொன்று 23 வடிவமைப்புக் கோலங்களைத் தொகுத்துத் தந்தது. அவற்றை மனனஞ் செய்து, சிறு கணக்கொன்றிலேயே யாவற்றையும் புகுத்த முயல்வாரும் உளர். நன்னூல் சுட்டும் பத்தினுள் மிகைபடக் கூறலும் ஒன்றென்பதை அவர் நினைவிற் கொள்க.

ஆதலின், மாணவர்காள், முதலிற் சிறியதொன்றை எழுதி இயக்குங்கள். பின்பு சம்பளத்தை மாற்றுங்கள், தராசை மாற்றுங்கள், முழுப்பெயருக்குரிய நிறையை மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்திற்கும் எத்தனை இடங்களைத் தொட நேர்ந்தது என எண்ணிக் குறித்து வையுங்கள். அவ்வெண்ணிக்கை ஒன்றை நெருங்குமாறு திருத்தி எழுதுதலே இக்கல்வியின் தொடக்கம்.