கேரித் தீவின் கரை எங்கே முடிகிறது?

தெலுக் பங்லிமா காராங்கை ஒட்டிய லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. உள்ளே செம்பனைத் தோட்டம், அதைச் சுற்றி மண்கரை, மண்கரைக்கு வெளியே பாக்காவ் எனும் அலையாத்தி மரங்கள். அலையின் வேகத்தை முதலில் தாங்குவது அந்த மரங்கள்தாம். அவை அழிந்த ஓரிடத்தில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலைத்தடுப்பு கட்டிக் கன்று நட்டுப் பார்த்தார்கள். அந்தப் பச்சை விளிம்பு வளர்கிறதா, தேய்கிறதா என்பதை இன்று வானிலிருந்தே அளக்கலாம்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் அதில் பதிவாகிறது. இலை அவ்வொளியைத் திருப்பி அனுப்பும், நீர் விழுங்கிவிடும். ஆகவே காடு பளிச்சென்றும் கடல் கறுப்பாகவும் விழும். மேகம் மறைத்தால் ரேடார் படம் இருக்கிறது.

தொல்லை தருவது இடையிலுள்ள சேறு. கிள்ளான் துறைமுகப் பக்கம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். செயற்கைக்கோளோ தன் கணக்குப்படி காலை 11.30 வாக்கில் கடந்து போகும். கடல் வற்றிய நாளில் எடுத்த படத்தில் சேறு வெகுதூரம் நீண்டு கிடக்கும். ஏறிய நாளில் இளங்கன்றுகள்கூட மூழ்கியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, கரை அரித்துப் போனது என்று முடிவு கட்டுவது பெரும்பிழை.

துருவக் கடலில் பனி விளிம்பை வரைபவர்களுக்கும் இதே சிக்கல். பனி ஒரே கோட்டில் முடிவதில்லை. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். பரப்பில் 15 விழுக்காடாவது பனி இருந்தால் அது விளிம்புக்கு உட்பட்டது என்று அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதியை மாற்றாததால்தான் 1979 முதலான பதிவுகளை ஒப்பிட முடிகிறது. கேரித் தீவுக்கும் எனக்குச் சரியாகப் படும் விதி ஒன்று உண்டு: கடல் வற்றிய வேளைப் படங்களை மட்டும் எடுத்து, சேற்றை விட்டுவிட்டு மரவிளிம்பை வரைய வேண்டும்.

வரைந்த கோடு ஷேப் ஃபைலாகச் சேமிக்கப்படும். பெயர் ஒன்றானாலும் உள்ளே பல கோப்புகள்: ஒன்றில் கோட்டின் வடிவம், ஒன்றில் அட்டவணை, ஒன்றில் எந்த ஆயத்தொலை முறை என்ற குறிப்பு. இந்தக் கடைசிக் கோப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் கெர்தாவ் முறையில் அமைந்தவை. அவற்றை மாற்றாமல், வேறு முறையில் அமைந்த செயற்கைக்கோள் படத்தின்மேல் போட்டால் கரை நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். நகராத கரை நகர்ந்ததாகத் தோன்றும்.

படங்கள் இலவசம், கோடு வரைய உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். இத்தீவு அமைந்த கோல லங்காட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களோடு இதைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் நேராக அட்டவணையில் படம் எடுத்த தேதி, நேரம், கடல்மட்டம் மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.