பூரானுக்கு நூறு கால் இல்லை!

தோழிகளே, பூரானுக்கு நூறு கால் என்றுதான் நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். ஆனால் அதன் கால்களை ஜோடி ஜோடியாக எண்ணினால் ஒற்றைப்படையில்தான் வரும். நூறு கால் என்றால் 50 ஜோடி, அது எப்படி வரும்?

பிரிட்டன் கடற்கரையில் கூழாங்கல்லுக்கு அடியில் ஸ்ட்ரிகாமியா மாரிட்டிமா என்று ஒரு மண் பூரான் இருக்கிறது. அதற்குக் கண்ணே கிடையாது. அதன் மரபணுக்களை விஞ்ஞானிகள் முழுசாகப் படித்து 2014-ல் வெளியிட்டார்கள். வெளிச்சத்தை அறியும் மரபணுவும் இல்லை, பகல் இரவு காட்டும் உடல் கடிகார மரபணுவும் இல்லையாம்!

நம்ம மகாராஜபுரத்தில் கடல் ஏது? ஆனால் அதன் சொந்தக்காரங்க தென்னைக்குப் பாத்தி வெட்டும்போது நூல் மாதிரி மெல்லிசாக வருவாங்க. பாட்டி விளக்குமாறால் அடித்த ஒன்றை லென்ஸ் வைத்து எண்ணினேன். 50 ஜோடி! சயின்ஸ் டீச்சரிடம் ஓடினேன். "முன்னாடி இருக்கிற ஜோடியை நல்லாப் பாரு" என்றார். அது கால் இல்லை, விஷக் கொடுக்கு. ஆக 49.

போன ஞாயிறு அப்பா மண்கட்டியைப் புரட்டினார். உள்ளே ஒரு பூரான் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. தாய்தான் இப்படிக் காவல் இருக்கும். "அடிக்காதீங்கப்பா" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லலை. கட்டியை அப்படியே மூடிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.