நிலவுக்குப் போன கைக்கடிகாரம்

பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் உங்கள் கம்ப்யூட்டர் மறுநாள் சரியான மணியைக் காட்டுகிறது அல்லவா? மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் சிமாஸ் பேட்டரிதான் இதற்குக் காரணம். மின்சாரம் போனாலும் நேரம் போகக் கூடாது. நிலவுக்குப் போனவர்களுக்கும் இதே தேவை இருந்தது. அவர்கள் கையில் இருந்ததோ பேட்டரியே இல்லாத, சாவி கொடுத்து ஓட்டும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம்.

இதை நாசா சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ரோலக்ஸ், லாஞ்சின்ஸ், ஒமேகா ஆகிய மூன்றையும் 93 டிகிரி சூட்டிலும் மைனஸ் 18 டிகிரி குளிரிலும் வைத்தார்கள். காற்றில்லாத அறையில் வைத்தார்கள், பலமாகக் குலுக்கினார்கள். ரோலக்ஸ் நின்றுவிட்டது. லாஞ்சின்ஸின் கண்ணாடி வளைந்துவிட்டது. தாக்குப்பிடித்த ஒமேகாவுக்கு 1965 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்து பிழைக்கும் எனக்கு இந்தப் பட்டியலைப் படித்தால் பொறாமையாகவே இருக்கும்.

விண்கலத்தில் கம்ப்யூட்டர் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அதன் தற்காலிக நினைவகம் சுமார் 4 கேபிதான்! 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-ல் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. மூவரும் நிலவில் இறங்குவதற்கான சிறு கலத்தில் ஒதுங்கினார்கள். பேட்டரியை மிச்சப்படுத்த அதன் கம்ப்யூட்டரையும் அணைக்க வேண்டியதாயிற்று. அந்த நிலையில் பாதையைத் திருத்த என்ஜினைச் சரியாக 14 விநாடி இயக்க வேண்டும். கோணம் தவறினால் பூமிக்குத் திரும்ப முடியாது. லவலும் ஹெய்ஸும் கலத்தைக் கையால் நிலைநிறுத்த, ஸ்விகர்ட் தன் ஒமேகாவைப் பார்த்து விநாடிகளைக் கணக்கிட்டார். மூவரும் உயிரோடு திரும்பினார்கள்.

அதற்காக ஒமேகா உடையவே உடையாது என்று நினைக்க வேண்டாம். 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட்டின் ஒமேகாவில் கண்ணாடி கழன்றுவிட்டது. அடுத்த முறை நிலவில் இறங்கி நடந்தபோது, தான் கொண்டுபோயிருந்த புலோவா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். மாற்று ஏற்பாடு என்றால் இதுதான்! அந்தப் புலோவா 2015-ல் 16 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

1969-ல் நிலவில் முதலில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங் கையில் கடிகாரமே இல்லை. கலத்தில் இருந்த டைமர் பழுதானதால், தன் கடிகாரத்தை அதற்குப் பதிலாக உள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். எனவே நிலவில் நடந்த முதல் கடிகாரம் ஆல்ட்ரின் கட்டியிருந்ததுதான். பிறகு அது மியூசியத்துக்கு அனுப்பப்பட்டபோது வழியில் காணாமல் போய்விட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை.