மேடையிலிருந்து திரைக்கு – 9: பள்ளத்தூரிலிருந்து வந்த குரல்

பேரணாம்பட்டுப் பக்கத்தில் நாடகம் என்றால் முதலில் கூத்துதான். வெயில் காலத்தில் சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து. துகிலுரிதல் அன்று ஊரே கொட்டகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். பாஞ்சாலி கதறும்போது வயதான பெண்கள் எழுந்து கைகூப்புவார்கள், சிலருக்கு அருள் வந்துவிடும். அங்கே பாஞ்சாலியாக நிற்பவர் மட்டும் ஆண். பெண் வேஷம் கட்டுவதில் பேர்பெற்ற வாத்தியார்கள் வட ஆற்காடு முழுக்க இருந்தார்கள், அவர்கள் கலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வட்டாரத்துப் பெண்கள் தங்கள் துயரத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆணின் தொண்டையில்தான் கேட்டார்கள். பெண் ஒருத்தி தானே நின்று பேசுவதை அவர்களில் பலர் முதலில் பார்த்தது டென்ட் சினிமாக் கொட்டகையில், மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டு. அப்படி வந்து பேசியவர்களில், ஏறக்குறைய அறுபது வருடம் விடாமல் பேசிக்கொண்டே இருந்தவர் மனோரமா.

அவர் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை. 1937 மே 26-ல் மன்னார்குடியில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. அப்பா இன்னொரு திருமணம் செய்துகொள்ள, அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டு வேலை செய்தும் பலகாரம் சுட்டு விற்றும் மகளை வளர்த்தார். மகளுக்குப் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது, பாட்டு நிற்கவில்லை. பள்ளத்தூரில் ‘அந்தமான் காதலி’ நாடகம் போட வந்தவர்களுக்குப் பாடத் தெரிந்த பெண் தேவைப்பட்டது. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நாடக ஆசிரியரும் ஆர்மோனியக்காரரும் சேர்ந்துதான் அவருக்கு மனோரமா என்று பெயர் வைத்தார்கள். ‘ஆச்சி’ என்ற அழைப்பும் செட்டிநாட்டு மண் கொடுத்ததுதான்.

அதற்குப் பிறகு காரைக்குடி வைரம் நாடக சபா. கம்பெனி வாழ்க்கை என்பது அன்றைக்குப் பெரும் உழைப்பு. மேடைக்கு ஒன்றோ இரண்டோ மைக் இருந்தால் அதிகம், சில ஊர்களில் அதுவும் பாதியில் நின்றுவிடும். கடைசி வரிசையில் தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கும் சொல் விழுந்தாக வேண்டும். வயிற்றிலிருந்து குரலை எடுக்கவும், வரியின் கடைசிச் சொல்லை விழுங்காமல் முடிக்கவும், கூட்டம் சிரிக்கும்போது நிறுத்தி அது அடங்கும் கணத்தில் அடுத்த வரியைத் தொடங்கவும் இங்கேதான் பழக்கம் வரும். எதிரில் நடிப்பவர் வசனத்தை மறந்தால் அதையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். ரீடேக் கிடையாது. மனோரமாவின் பின்னாளைய படங்களை ஒலியைக் கூட்டாமல் போட்டுப் பாருங்கள். எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு எழுத்துகூடச் சிதையாது. நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழக்கிய தொண்டை அது.

1954-ல் நாடகக் கம்பெனியிலேயே ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே வாழ்க்கை முறிந்தது. இருபது வயதுகூட ஆகாத பெண், கையில் குழந்தை, கூட அம்மா. அம்மாவுக்கு நேர்ந்தது மகளுக்கும் நேர்ந்தது. அம்மா பலகாரம் விற்றார், மகள் மேடையேறினார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மனோரமாவை ‘நகைச்சுவை அரசி’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஒரு குடும்பத்தின் சோறும் வாடகையும் அந்தக் குரலை நம்பி இருந்தன. வந்த வேஷம் எதையும் அவர் தட்டிக் கழிக்காததற்கு முதல் காரணம் அதுதான்.

எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தது அடுத்த பெரிய திருப்பம். கலைஞர் எழுதிய ‘மணிமகுடம்’ நாடகத்தில் கதாநாயகி. திராவிட இயக்க நாடகங்களின் வசனம் நீளமானது, அடுக்கடுக்காக ஏறுவது. மூச்சை எங்கே இழுப்பது என்று தெரியாதவர் நடுவழியில் நின்றுவிடுவார். அண்ணாவோடும் கலைஞரோடும் அவர் மேடையில் நடித்தார். பின்னால் எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோருடன் திரையில். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று அவரைப் பற்றி எப்போதும் சொல்வார்கள். அந்த ஐவரில் இருவர் அவருக்கு வாய்த்தது மேடையில் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சினிமா அவரைச் சட்டென்று ஏற்றுக்கொள்ளவில்லை. முதலில் ஒப்பந்தமான ‘இன்பவாழ்வு’ பாதியில் நின்றது. அடுத்து வந்த ‘ஊமையன் கோட்டை’யும் நின்றது. 1958-ல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’தான் திரைக்கு வந்தது. அதில் நகைச்சுவை வேஷம். மேடையில் கதாநாயகியாக நின்றவருக்குத் தயக்கம் இருந்திருக்கிறது. கதாநாயகிக்கு ஆயுள் சில வருடம்தான், இந்த வேஷத்துக்கு ஆயுள் அதிகம் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னதை மனோரமா பிறகு பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்தார். கவிஞரின் கணக்கு தப்பவில்லை. ஆனாலும் 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் ஆர்.எஸ்.மனோகருக்கு ஜோடியாக அவர் கதாநாயகியாக நடித்ததை நினைக்கும்போது, அந்த வழியில் இன்னும் நாலைந்து படம் கிடைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இனி ‘தில்லானா மோகனாம்பாள்’. 1968. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். நாகராஜனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர், நாயன வித்வானாக நடித்த சிவாஜியும் அப்படியே. மனோரமாவுக்குக் கிடைத்தது ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரி வேஷம். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்களே சேர்ந்து ஒரு நாடகக்காரியை உருவாக்கியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பாத்திரத்தில் கேலிக்கு அடியில் இவ்வளவு பாசம்.

நாயனத்தில் வரும் அந்த ஓசை நீங்கள் வாசித்தால்தான் வருமா, யார் வாசித்தாலும் வருமா என்று அவர் கேட்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அதை முட்டாள்தனமான கேள்வியாக அவர் கேட்பதில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்களை அகல விரித்து, உண்மையாகவே விடை வேண்டும் என்று கேட்கிறார். எதிரே இருக்கும் மகாவித்வானுக்குக் கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிவாஜிக்கு முன்னால் நின்றவர்கள் பலர் அவர் நடிப்பைப் பார்த்துத் தங்கள் நடிப்பைக் கூட்டிக்கொண்டு கெட்டார்கள். மனோரமா குறைத்துக்கொண்டார். நடையில் மட்டும் ஒரு தளுக்கு, பேச்சில் செட்டிநாட்டு இழுவை. ரமாமணியை நாலுபேர் மட்டமாகப் பார்க்கிறார்கள், அது அவளுக்கும் தெரியும், தெரிந்தும் வித்வானை வீட்டுக்கு அழைத்து உபசரிக்கிறாள். நாடகக்காரி என்ற பெயர் தமிழ்நாட்டில் எவ்வளவு அவமானத்தைச் சுமந்தது என்று அறிந்தவர் மட்டுமே இப்படி நடிக்க முடியும். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது.

அதே 1968-ல்தான் ‘பொம்மலாட்டம்’. சோவோடு ஒரு பாட்டு. வி.குமார் இசை, பாடியவரும் மனோரமாவே. சென்னைக் குப்பத்துப் பேச்சு அப்படியே பாட்டாகிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் நாகேஷோடு தூத்துக்குடிப் பேச்சு. கொங்குத் தமிழ், அக்கிரகாரத் தமிழ், மதுரைத் தமிழ் என்று ஒவ்வொன்றையும் அந்தந்த ஊர்க்காரர் முகம் சுளிக்காத அளவுக்குப் பேசினார். எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசிவிடலாம், வட்டாரப் பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் காதில் வாங்கினால்தான் வரும். ஊர் ஊராக முகாம் போட்ட கம்பெனி அந்தக் காதைக் கொடுத்திருக்கிறது.

எங்கள் ஊருக்கு இது நன்றாகவே புரியும். பேரணாம்பட்டு பஜாரில் ஒரு கடையில் உருது, பக்கத்துக் கடையில் தமிழ், மலைப்பாதை ஏறி வி.கோட்டா பக்கம் போனால் தெலுங்கு. டேனரியில் வேலை செய்பவர் மூன்றையும் கலந்து பேசி வளர்ந்தவர். இன்றைக்கு விடிந்ததும் கிராமங்களுக்கு வரும் ஷூ கம்பெனி பஸ்ஸில் பெண்கள்தான் நிறைய. ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலைக்குப் போகிற அவர்களில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் எத்தனையோ பேர். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு அம்மா இருக்கிறார். இந்தக் கட்டுரைக்காக மனோரமாவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “அந்தம்மா பேசுனா எங்க ஊட்டு ஆளுங்க பேசற மாதிரியே கீது” என்றார். எனக்கு ஒரு குறை உண்டு: சென்னைப் பேச்சுக்கு இவ்வளவு நெருக்கமான வட ஆற்காட்டுப் பேச்சைத் தமிழ் சினிமா தனியாக எடுத்துத் தரவே இல்லை. எழுதிக் கொடுக்க யாராவது இருந்திருந்தால் அவர் அதையும் பேசியிருப்பார்.

மேடையையும் திரையையும் பற்றிப் பேசும்போது ஒரு ஒப்பீடு: மனோரமாவுக்கு ஏறக்குறைய இரண்டரை வயது மூத்தவர் இங்கிலாந்து நடிகை ஜூடி டென்ச். நாடகப் பள்ளியில் பயின்று 1957-ல் ஒபீலியாவாக ஓல்டு விக் மேடைக்கு வந்தார். மனோரமா திரைக்கு வந்தது அடுத்த வருடம். டென்ச் சினிமாவில் எவ்வளவு உயரம் போனாலும் மேடைக்குத் திரும்பிக்கொண்டே இருந்தார். ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்தில் சில நிமிடமே வந்து ஆஸ்கர் வாங்கியவருக்கு, வயதான பிறகும் கிளியோபாட்ராக்களும் ராணிகளும் மேடையில் காத்திருந்தார்கள். அங்கே அரசு மானியம் பெறும் நாடக அரங்குகள் இருந்தன. இங்கே மனோரமாவை வளர்த்த மாதிரிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. சென்னையில் சபா நாடகங்கள் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் ஐம்பது வயதில் ஒரு பெரிய நடிகை முழு இரவும் தாங்கிப் பிடிக்கிற மாதிரி வேஷத்தை நம் மேடை அவருக்கு எழுதித் தரவில்லை. இது அவருடைய இழப்பைவிட நம்முடைய இழப்பு.

சினிமா கொஞ்சம் ஈடுகட்டியது. 1988-ல் ‘உன்னால் முடியும் தம்பி’யில் கே.பாலசந்தர் அவரைக் கமலுக்கு அண்ணியாக்கினார், சிரிப்புக்கு இடமே இல்லாத வேஷம். 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’. அதே வருடம் பார்த்திபனின் ‘புதிய பாதை’. அதற்குத்தான் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. 1990-ல் ‘நடிகன்’. கிழவர் வேஷத்தில் வரும் சத்யராஜ் மேல் காதல் கொள்ளும் நடுவயதுப் பெண்ணாக அவர் நாணிக் கோணி நிற்கும்போது தியேட்டர் அதிர்ந்தது. சிரித்து முடித்தபின் அந்தப் பெண்ணின் தனிமையும் மனதில் தங்கியது. 1992-ல் ‘சின்ன கவுண்டர்’. முன்பல் எடுப்பாகத் தெரியும் கட்டுப்பல்லை வைத்துக்கொண்டு, கிராமத்துத் தாய். வாயில் கட்டுப்பல் இருக்கும்போது தெளிவாகப் பேசுவது எவ்வளவு கடினம் என்று மேடை அனுபவம் உள்ள யாரையும் கேட்டுப் பாருங்கள். கதாநாயகி வாய்ப்புக்காகக் காத்திருக்கும் எந்த நடிகையும் அந்தப் பல்லை மாட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்க மாட்டார்.

ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸில் பெயர் வந்தது. 2002-ல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10-ல் சென்னையில் காலமானார், வயது எழுபத்தெட்டு. எண்ணிக்கையைப் பார்த்து வியக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஆயிரத்தை விட்டுவிட்டு ‘தில்லானா’, ‘புதிய பாதை’, ‘நடிகன்’ மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் வேறு வேறு வயது, வேறு வேறு நடை. ஒன்றில் பேசிய தொனியை இன்னொன்றில் அவர் எடுத்துவரவே இல்லை.

அடுத்த வாரம் காவிரிக் கரைக்கு, கொடுமுடிக்குப் போவோம். 1935-ல் ‘நந்தனா’ரில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கிய கே.பி.சுந்தராம்பாள்.

(தொடரும்)