தரிசனத்திற்குப் பின் ஒரு நாள்

திருப்பதி செல்வோரில் பலர் தரிசனம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகின்றனர். மேலும் ஒரு நாள் தங்கினால், அருகிலுள்ள அரிய இடங்கள் இரண்டைக் காணலாம்.

மேற்கே சந்திரகிரி, விஜயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்று. அங்குள்ள ராஜமஹால் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. கிழக்கே ஏர்ப்பேடு அருகிலுள்ள குடிமல்லத்தில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதென அறிஞர் பலர் கருதும் சிவலிங்கம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. தலக்கோனா அருவிக்கு மற்றொரு நாள் ஒதுக்குக. மழைக்காலத்தை அடுத்துச் செல்வது நன்று.

முதலில் வாடகை வண்டி, விடுதி, உணவுச் செலவைக் கணக்கிட்டு, அத்தொகையை மாதந்தோறும் தொடர் வைப்பில் சேர்த்து வருக. பின்னர் தரிசனச் சீட்டை முன்பதிவு செய்க. கடனின்றிக் குடும்பத்தோடு சென்று வரலாம்.